பேசும் இயந்திரத்துக்குப் பொதுவான சொல் வேண்டும்!

இப்போது இயந்திரங்கள் பேசுகின்றன.

கேஸ் சிலிண்டருக்குச் சொல்லி வைக்கப் போன் செய்தால் மனிதர் எடுப்பதில்லை, இயந்திரம் எடுக்கிறது. "தமிழுக்கு 1ஐ அழுத்தவும்" என்கிறது. வங்கிக்குப் போன் செய்தாலும் அதே கதைதான். கைப்பேசியில் ஏதாவது ஒரு கம்பெனியின் பக்கத்தைத் திறந்தால், "வணக்கம்! உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று எழுத்து ஓடி வந்து நிற்கிறது. வாயால் கேட்டால் வாயாலேயே பதில் சொல்லும் இயந்திரங்களும் வந்துவிட்டன.

இது நல்ல காரியம். அதில் சந்தேகமே இல்லை. படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும், கண் மங்கிய பெரியவர்களுக்கும் பேச்சைப் போன்ற வசதி வேறு கிடையாது. வேடசந்தூர் மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்து வருகிற பெண், பகல் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வங்கிக்கு நடக்க வேண்டாம். ரெட்டியார்சத்திரத்து விவசாயி, ஒரு விவரம் கேட்பதற்காகப் பஸ் ஏறித் திண்டுக்கல் வர வேண்டாம்.

ஆனால் ஒரு கஷ்டம் இருக்கிறது. ஒவ்வோர் இயந்திரமும் ஒவ்வொரு தமிழ் பேசுகிறது.

ஒன்று "உறுதி செய்க" என்கிறது. இன்னொன்று "சமர்ப்பிக்கவும்" என்கிறது. மூன்றாவது, "கன்பார்ம் செய்ய 1" என்கிறது. நாலாவது, "ஏற்கிறேன் என்பதைத் தேர்வு செய்யவும்" என்கிறது. எல்லாம் கேட்பது ஒன்றைத்தான்: "நீங்கள் சொன்னது சரிதானே? செய்துவிடலாமா?"

படித்த பிள்ளைகள் ஊகித்துக்கொள்வார்கள். அப்பத்தா என்ன செய்வார்? போனைப் பேரனிடம் நீட்டுவார். பேரன் பள்ளிக்கூடம் போயிருந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் நீட்டுவார். அவரும் இல்லாவிட்டால் தெருவில் போகிற யாரோ ஒருவரிடம் நீட்டுவார். அந்தப் போனிலேதான் வங்கியின் ரகசிய எண்ணும் வருகிறது! யாரிடமும் காட்டாதே என்று ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு சொல் புரியாத காரணத்தால், அதை ஊராரிடம் காட்ட வேண்டிய நிலை வருகிறது. இது விளையாட்டு விஷயம் அல்ல. பணம் போகும் விஷயம்.

இயந்திரத்தைப் பேசவைக்கும் எஞ்சினீயர்கள், வங்கிக்காரர்கள், சர்க்கார் இலாகாக்கள், தமிழ் படித்தவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்ந்து, பொதுவான சொற்களை முடிவு செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இயந்திரம் நம்மிடம் பேசும் சொற்கள் ஒரு பங்கு. இயந்திரத்தைச் செய்கிறவர்கள் தங்களுக்குள் பேசும் தொழிற்சொற்கள் இன்னொரு பங்கு. இரண்டும் சரியானால்தான் காரியம் நடக்கும்.

மாட்டுச்சந்தையில் நடப்பது என்ன?

பொதுச்சொல் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள எங்கும் போக வேண்டாம். நம் பக்கத்து மாட்டுச்சந்தையைப் பார்த்தால் போதும்.

தரகர் தம் கையின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்கிறார். வாங்க வந்தவரின் கையும் துண்டுக்குள் போகிறது. விரலைப் பிடிக்கிறார், விடுகிறார், மறுபடி பிடிக்கிறார். வாயில் ஒரு வார்த்தை கிடையாது. விலை முடிந்துவிடுகிறது. சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் விலை தெரியாது. ஆனால் அந்த இரண்டு பேருக்கும் ஒரு ரூபாய்கூடப் பிசகாது.

எப்படி? எந்த விரலுக்கு எவ்வளவு என்பது முன்பே முடிவான சங்கதி. மணப்பாறைத் தரகர் ஒரு கணக்கும், ஒட்டன்சத்திரத்துத் தரகர் வேறு கணக்கும் வைத்துக்கொண்டு துண்டுக்குள் கையை விட்டால் என்ன ஆகும்? மாடு கை மாறாது, அடிதடிதான் நடக்கும்.

பழைய தந்தி ஆபீசிலும் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. கல்யாண வாழ்த்து, பண்டிகை வாழ்த்து என்று வாக்கியங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். நாம் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். போய்ச் சேருகிற ஊரில் முழு வாழ்த்தாக எழுதிக் கொடுப்பார்கள். தேசம் முழுவதற்கும் ஒரே பட்டியல். 2013 ஜூலையில் தந்தி சேவையே நின்று போயிற்று. ஆனால் அந்த யோசனை மட்டும் பழசாகவில்லை.

போனில் "ஹலோ" சொல்கிறோமே, அதுவும் ஒருவர் யோசித்துச் சொன்ன சொல்தான். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம்பெல், கப்பல்காரர்கள் கூப்பிடுவது போல "அஹாய்" என்று சொல்ல வேண்டும் என்றார். 1877இல் எடிசன் "ஹலோ" போதும் என்று எழுதினார். எடிசன் சொன்னதே நின்றது.

தவணை என்றால் வரவா, செலவா?

சொல் பொதுவாக இல்லாவிட்டால் வரும் தொல்லைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் கொடுக்கும் மத்திய சர்க்கார் திட்டம் 2019இல் தொடங்கியது. இந்தப் பணம் மூன்று தவணையாக, தவணைக்கு 2,000 ரூபாயாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. இந்தத் திட்டத்தைப் பற்றிய சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல, 2023 செப்டம்பரில் "கிசான் இ-மித்ரா" என்ற உரையாடும் இயந்திரத்தையும் மத்திய சர்க்கார் தொடங்கியது. அது தமிழிலும் பேசுகிறது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு.

இப்போது யோசித்துப் பாருங்கள். "தவணை" என்ற சொல் அந்தத் திட்டத்தில் நமக்கு வரும் பணம். அதே விவசாயி வங்கியில் நகைக்கடனோ டிராக்டர் கடனோ வாங்கியிருந்தால், அங்கே "தவணை" என்பது நாம் கட்ட வேண்டிய பணம். வங்கியின் இயந்திரத்திடம் "என் தவணை எப்போ?" என்று கேட்டால் அது எதைச் சொல்லும்? "வரும் 10ஆம் தேதி" என்று சொல்லிவிட்டால், அவர் பணம் வரப்போகிறது என்று நம்பிச் சும்மா இருந்துவிடுவார். 10ஆம் தேதி தாண்டியதும் அபராத வட்டி ஏறிவிடும்.

வங்கியில் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருந்தால், "எந்தத் தவணை ஐயா? வர்றதா, கட்டறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். இயந்திரத்துக்கு அந்த ஒரு வார்த்தையை யாராவது முன்கூட்டிச் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

"முடிந்தது" என்ற சொல்லும் இப்படித்தான். "உங்கள் பதிவு முடிந்தது" என்றால், காரியம் நல்லபடியாக முடிந்தது என்று ஒருவர் எடுத்துக்கொள்வார். அதே சொல்லை ஆஸ்பத்திரி டோக்கன் விஷயத்தில் "இன்றைய பதிவு முடிந்தது" என்று கேட்டால், கதவைச் சாத்திவிட்டார்கள் என்று அர்த்தம். "இணைப்பு" என்றால் கேஸ் இணைப்பா, போன் இணைப்பா, கடிதத்தோடு வைத்த காகிதமா? "சேவை" என்றால் பழனிப் பக்கத்தில் தட்டில் வைத்துச் சாப்பிடுகிற பலகாரம்! (அது நல்ல பலகாரம் என்பது வேறு விஷயம்.)

இயந்திரம் எப்படிப் புரிந்துகொள்கிறது?

திண்டுக்கல் தாலுகாவில் நாலு பேரிடம் கேளுங்கள். ஒருவர் "பணம் ஏறலை" என்பார். ஒருவர் "காசு விழலை" என்பார். கடைக்காரர் "கிரெடிட் ஆகலை" என்பார். வாத்தியார் "வரவு வைக்கப்படவில்லை" என்பார். நாலும் ஒரே புகார்.

இயந்திரத்தைச் செய்கிறவர்கள், வாயிலிருந்து வருகிற வாக்கியத்தை ஒரு பெயராலும், அதன் உள்ளே இருக்கிற எண்ணத்தை வேறு பெயராலும் சொல்கிறார்கள். முதலாவது "அட்டரன்ஸ்". இரண்டாவது "இன்டென்ட்". வாக்கியம் நாலு, எண்ணம் ஒன்று. இந்த நாலையும் அந்த ஒன்றோடு முடிச்சுப் போடுவதுதான் அவர்கள் வேலையில் பாதி. எண்ணம் தெரிந்த பிறகு சில விவரங்கள் வேண்டும்: எந்தக் கணக்கு, எந்த மாதம், எவ்வளவு ரூபாய். அந்த விவரங்களை வைக்கிற இடத்துக்கு "ஸ்லாட்" என்று பெயர்.

இவற்றுக்குத் தமிழில் சொல் இல்லையா? இருக்கிறது. வாயால் சொன்னது கூற்று. உள்ளே இருப்பது நோக்கம். நிரப்ப வேண்டியது விவரம். மூன்றும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் சொற்கள். ஆனால் ஒரு கம்பெனி "நோக்கம்" என்று எழுதுகிறது. இன்னொன்று "உள்நோக்கம்" என்று எழுதிவிடும். உள்நோக்கம் என்றால் நம் ஊரில் கெட்ட எண்ணம்! சிலிண்டர் கேட்ட மனுஷிக்கு உள்நோக்கம் கற்பிக்கலாமா?

விளக்கு விஷயத்தையும் பாருங்கள். சொன்னால் விளக்கை அணைக்கும் கருவிகள் கடையில் விற்கின்றன. "லைட்டை ஆப் பண்ணு" என்றால் அதற்குத் தெரியும். நம் பக்கத்துப் பெரியவர்கள் "விளக்கை அணை" என்று சொல்லவே மாட்டார்கள். அது அபசகுனம். "அமத்து" என்பார்கள். "நிப்பாட்டு" என்பார்கள். அப்பத்தா நாலு முறை "அமத்து" என்று சொல்லியும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், தப்பு அப்பத்தாவிடம் இல்லை. செய்தவர்களின் பட்டியலில் அந்தச் சொல் இல்லை, அவ்வளவுதான்.

நன்னூலில் இருக்கிறது வழி

இந்த எஞ்சினீயர்கள் ஒரு புத்தகத்தைப் படித்தால் அவர்கள் வேலை சுலபமாகும். அது அமெரிக்காவில் அச்சான புத்தகம் அல்ல. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல்.

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். "வினா எத்தனை வகை?" ஆறு என்று சொல்லும். "விடை எத்தனை வகை?" எட்டு என்று சொல்லும். பரீட்சைக்காகப் படித்த பாடம். ஆனால் பேசும் இயந்திரத்துக்கு இதைவிட நல்ல அடிப்படை எனக்குத் தெரியவில்லை.

விடை தெரிந்தே கேட்பது அறி வினா. வாத்தியார் மாணவனைக் கேட்கிற கேள்வி அது. வங்கி இயந்திரம் "உங்கள் பிறந்த தேதி என்ன?" என்று கேட்பதும் அதுவே. வங்கியிடம் தேதி ஏற்கெனவே இருக்கிறது. பேசுவது நீங்கள்தானா என்று பார்க்கத்தான் கேட்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் கேட்பதால், "அதான் ஒன்கிட்ட இருக்கே, எதுக்குக் கேக்கிறே?" என்று பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. தெரியாமல் கேட்பது அறியா வினா: "எந்த ஊருக்கு டிக்கெட்?" இதுவா அதுவா என்று கேட்பது ஐய வினா: "மதுரையா, மானாமதுரையா?" இந்த மூன்றையும் தனித்தனியே பெயர் சொல்லிப் பிரித்துக்கொண்டால், எந்த இடத்தில் எப்படிக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகும். கொளல், கொடை, ஏவல் என்று இன்னும் மூன்று வினா இருக்கின்றன. கடையில் "பருப்பு இருக்கா?" என்பது கொளல் வினா. பருப்பு வேண்டும் என்பதுதான் அதன் பொருள். "இருக்கிறது" என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்கிற கடைக்காரரை என்ன சொல்வீர்கள்? சில இயந்திரங்கள் இப்படித்தான் நிற்கின்றன.

விடைக்கு வருவோம். இங்கேதான் சுவை அதிகம்.

"சிலிண்டரை நாளைக்கு அனுப்பலாமா?" என்று இயந்திரம் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "அனுப்புங்க" என்றால் நேர் விடை. "வேண்டாம்" என்றால் மறை விடை. இந்த இரண்டும் இயந்திரத்துக்குப் புரியும். ஆனால் நம் ஜனங்கள் இப்படியா பதில் சொல்வார்கள்?

"கையிலே காசு தீர்ந்துபோச்சே" என்பார் ஒருவர். நடந்ததைச் சொல்கிறார், இது உற்றது உரைத்தல்.

"நாளைக்கு நத்தத்துக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருவோமே" என்பார் இன்னொருவர். நடக்கப்போவதைச் சொல்கிறார், இது உறுவது கூறல்.

"அனுப்பாம வச்சுக்கப் போறீங்களாக்கும்?" என்பார் மூன்றாமவர். கேள்விக்குக் கேள்வி, வினா எதிர் வினாதல்.

"நாளன்னிக்கு அனுப்புங்க" என்பது இனமொழி விடை. "ஆபீசுல எம் மகனைக் கேளுங்க" என்பது ஏவல் விடை.

இதில் முதல் இரண்டு பேரும் வேண்டாம் என்கிறார்கள். மூன்றாமவர் வேண்டும் என்கிறார். "வேண்டும்", "வேண்டாம்" என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. எதிரே மனிதர் இருந்தால் ஒரு நொடியில் புரியும். இயந்திரமோ, "மன்னிக்கவும், தவறான பதில்" என்கிறது.

இந்த எட்டு வகைக்கும் பெயர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. உறுவது கூறல் என்ற விடைக்கு உங்கள் இயந்திரம் என்ன செய்யும் என்று ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியைக் கேட்கலாம். அப்படி ஒரு கேள்வி கேட்க முடிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொரு நுட்பம். "பணம் வரவில்லையா?" என்று கேட்டால், நம்மவர் "ஆமா" என்பார். வரவில்லை என்று அர்த்தம். இன்னொருவர் "இல்லை" என்பார். அதற்கும் வரவில்லை என்றே அர்த்தம்! "ஆம்" என்றால் ஒரு பக்கம், "இல்லை" என்றால் மறு பக்கம் என்று இங்கிலீஷ் முறையில் கணக்குப் போட்ட இயந்திரம் இங்கே குப்புற விழும். எதிர்மறையில் கேள்வி கேட்கக் கூடாது என்பது தமிழ் பேசும் இயந்திரத்துக்கு முதல் விதியாக இருக்க வேண்டும்.

இங்கிலீஷிலும் குழப்பம் உண்டு

எல்லாச் சொல்லும் இங்கிலீஷில் தெளிவாக இருக்கிறது, தமிழில்தான் தகராறு என்று நினைக்க வேண்டாம்.

"பிராம்ப்ட்" என்று ஒரு சொல். நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று, நடிகருக்கு மறந்துபோன வசனத்தை எடுத்துக்கொடுப்பாரே, அந்த வேலையின் பெயர் அது. போனில் பேசும் இயந்திரம் வந்த காலத்தில், இயந்திரம் மனிதரைப் பார்த்துக் கேட்பதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, மனிதர் இயந்திரத்துக்குச் சொல்கிற உத்தரவுக்கு இதே பெயர் பரவிவிட்டது. ஒரே சொல் எதிரும் புதிருமாக இரண்டு பக்கமும் ஓடுகிறது!

தமிழில் நாம் முதலிலேயே பிரித்துவிடலாம். இயந்திரம் நம்மைக் கேட்டால் வினா. நாம் இயந்திரத்துக்குச் சொன்னால் ஏவல். இப்படி வைத்தால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

அங்கேயும் சொல்லைப் பொதுவாக்கியபோதுதான் தொழில் வளர்ந்தது. ஏடி அண்ட் டி, ஐபிஎம், லூசென்ட், மோட்டரோலா ஆகிய நாலு பெரிய கம்பெனிகள் 1999இல் ஒன்றாக உட்கார்ந்தன. போனில் பேசும் இயந்திரங்களுக்கான பொது விதிகளை எழுதி, 2000இல் "வாய்ஸ் எக்ஸ்எம்எல்" என்ற பெயரில் வெளியிட்டன. வியாபாரத்தில் போட்டியாளர்கள், சொல் விஷயத்தில் கூட்டாளிகள்.

அந்த விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஆள் பேசவே இல்லை என்பது ஒன்று. ஆள் பேசினார், ஆனால் இயந்திரத்துக்குப் புரியவில்லை என்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார்கள். நம் ஊரில் பல இயந்திரங்கள் இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்கின்றன: "நீங்கள் தவறான எண்ணை அழுத்தியுள்ளீர்கள்." அடுப்பில் பால் பொங்கியதால் இரண்டு நொடி போனைக் கீழே வைத்த பெண்ணை, தவறு செய்தாய் என்று திட்டுவது என்ன மரியாதை? "உங்கள் பதில் இன்னும் வரவில்லை" என்பது ஒரு வாக்கியம். "நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை" என்பது மற்றொரு வாக்கியம். புரியாதது இயந்திரத்தின் குறை. அதை ஒப்புக்கொள்ளும் வாக்கியத்தை அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

முன்பும் இப்படி நடந்தது

தமிழில் கூடி உட்கார்ந்து சொல் செய்வது புதிய வழக்கம் அல்ல. ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தபோது, 1916இல் தமிழில் விஞ்ஞானச் சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தார். அதற்கும் முன்னால், 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர், தமிழிலேயே வைத்தியம் சொல்லிக் கொடுத்தார். அதற்காக வைத்தியச் சொற்களைத் தமிழில் திரட்டினார். வெளிநாட்டு டாக்டர் ஒருவர் செய்த வேலை அது.

நம் காலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1990களில் கம்ப்யூட்டரில் தமிழ் எழுதியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கம்பெனியின் எழுத்தில் அடித்ததை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால், கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஒவ்வொருவரும் தம் இஷ்டத்துக்கு எழுத்துகளுக்கு எண் கொடுத்திருந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் மாநாடு நடந்தது. பொதுவான விசைப்பலகை அங்கே முடிவாயிற்று. எழுத்துக் குறியீட்டுக்கும் ஒரு பொது ஏற்பாடு வந்தது. பிறகு உலகப் பொதுவான யூனிகோடு வந்தது. 2010இல் தமிழ்நாடு சர்க்கார் அதை ஏற்றது. இன்று திண்டுக்கல்லில் அடித்த தமிழ் கோலாலம்பூரில் அப்படியே தெரிகிறது.

அன்று எழுத்துக்குச் செய்ததை இன்று பேச்சுக்குச் செய்ய வேண்டும். தாமதித்தால் அன்று பட்ட பாட்டை மறுபடி பட வேண்டியிருக்கும்.

எப்படிப்பட்ட சொல் வேண்டும்?

இங்கே இரண்டு கட்சி இருக்கிறது. எல்லாம் தனித்தமிழாக வேண்டும் என்கிறது ஒரு கட்சி. ஜனங்கள் பேசுகிற இங்கிலீஷே போதும் என்கிறது மற்றொரு கட்சி. நான் இரண்டிலும் இல்லை.

வாயில் நுழைகிற சொல் நிற்கும். கம்ப்யூட்டருக்குக் கணிப்பான், கணிப்பொறி, கணினி என்று பல பெயர் வந்தன. மூன்றெழுத்துக் கணினி நின்றது. "இணையம்" என்ற சொல்லைச் சிங்கப்பூர்ப் பேராசிரியர் நா. கோவிந்தசாமி தந்ததாகச் சொல்வார்கள். இன்று டீக்கடையிலும் அது புழங்குகிறது. மின்வாரியம் 2021இல் தன் புகார் மையத்துக்கு "மின்னகம்" என்று பெயர் வைத்தது. சின்னப் பெயர், ஒரு தடவை கேட்டால் மனதில் நிற்கிறது.

பேசும் இயந்திரத்துக்கே இன்னும் சரியான பெயர் இல்லை. சிலர் "அரட்டை இயந்திரம்" என்கிறார்கள். இது எனக்குச் சம்மதமில்லை. நண்பர்கள் பேசிக்கொள்ளும் செயலிக்கு "அரட்டை" என்று ஜோஹோ நிறுவனம் பெயர் வைத்தது; அது பொருத்தம். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரி இயந்திரத்தைக் கேட்கிற தாய் அரட்டையா அடிக்கிறாள்? "உரையாடி" என்கிறார்கள் சிலர். பரவாயில்லை. "பேசுபொறி" என்பது எனக்குப் பிடிக்கிறது. கேட்டவுடன் அர்த்தம் தெரிகிறது. இது மனிதர் அல்ல, பொறி என்பதும் தெரிகிறது.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். 1966இல் அமெரிக்காவில் வைசன்பாம் என்ற பேராசிரியர் "எலிசா" என்ற பேசும் நிரலை வெளியிட்டார். சொன்னதையே திருப்பிப் போட்டுக் கேள்வி கேட்கும் சாதாரண நிரல். ஆனால் அதனிடம் பேசியவர்கள் தங்கள் மனக்கஷ்டத்தையெல்லாம் கொட்டினார்கள். அதைச் செய்தவரே திடுக்கிட்டுப் போனார். ஆகவே, "நான் இயந்திரம்" என்று சொல்லிவிட்டுப் பேசுவதே மரியாதை.

இயந்திரத்துக்குப் புரியாதபோது பேச்சை மனிதரிடம் விட வேண்டும். எஞ்சினீயர்கள் அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கினால் "கைமாற்று" என்று வரும். வேண்டவே வேண்டாம்! நம் ஊரில் கைமாற்று என்றால் பக்கத்து வீட்டில் வாங்கும் கடன். "உங்களைக் கைமாற்றுகிறோம்" என்று இயந்திரம் சொன்னால் அப்பத்தா போனை வைத்துவிடுவார். "ஆளிடம் கொடுக்கிறேன்" என்றால் போதும். அந்த வசதி இருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்ல வேண்டும். ஏழாவது வாக்கியத்துக்குப் பிறகு சொன்னால், அதுவரை காத்திருக்கிறவர் யார்?

திண்டுக்கல்லில் தொடங்கலாம்

சொல்லைச் சேர்த்து வைக்கும் வேலையைச் சர்க்கார் செய்துகொண்டுதான் இருக்கிறது. அகரமுதலி இயக்ககம் 1974இல் பாவாணர் தலைமையில் தொடங்கியது. இன்று "சொற்குவை" என்ற இணையதளமும் அதனிடம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் இருக்கிறது. ஆனால் மேஜையில் உட்கார்ந்து ஆக்கிய சொல் சந்தையில் செல்லுமா என்று பார்க்க, சந்தைக்குத்தான் போக வேண்டும்.

அதற்கு நம் ஜில்லாவைப் போன்ற இடம் கிடையாது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கொங்குத் தமிழும் மதுரைத் தமிழும் ஒரே மண்டியில் கலக்கின்றன. கேரளத்து வியாபாரியின் மலையாளம் கலந்த தமிழும் காதில் விழுகிறது. நிலக்கோட்டைப் பூமார்க்கெட்டில் பெண்கள் பேசுவதைக் கேட்கலாம். சின்னாளபட்டியில் சுங்கடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர்கள் பேசுவது இன்னொரு விதம். அய்யலூர் ஆட்டுச்சந்தை வேறு இருக்கிறது.

நடுவில் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய நிறுவனம். அங்கே இப்போது பல்கலைக்கழகமே நடக்கிறது. கிராமத்துக்குப் போய் வேலை செய்வது அங்கே பாடத்தில் ஒரு பகுதி. தமிழ் படிக்கும் மாணவரும் கம்ப்யூட்டர் படிக்கும் மாணவரும் ஜோடியாகப் போகட்டும். ஒரு பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்ளட்டும். "இந்தச் சொல் கேட்டால் உங்களுக்கு என்ன தோணுது அம்மா?" என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதட்டும். தமிழய்யாவுக்குப் பிடித்த சொல்லைச் சந்தைக்காரர் பத்தில் எட்டுப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டால், அந்தச் சொல்லை வருத்தப்படாமல் விட்டுவிட வேண்டும்.

ஆயிரம் சொல் தேவையில்லை. முதலில் ஐம்பது போதும். சரி பார்ப்பது, ரத்து செய்வது, திரும்பச் சொல்வது, ஆளிடம் கொடுப்பது, காத்திருக்கச் சொல்வது, முடிப்பது — இவற்றுக்கு எல்லா இயந்திரமும் ஒரே சொல்லைச் சொல்லட்டும். எந்த இயந்திரமானாலும் மனிதரிடம் பேச ஒரே எண்ணாக வைக்கட்டும். அந்தப் பட்டியலைச் சர்க்கார் அச்சிட்டு, இயந்திரம் வாங்கும் ஒவ்வோர் இலாகாவுக்கும் அனுப்பட்டும். டெண்டரிலேயே இந்தச் சொற்கள்தான் வேண்டும் என்று எழுதிவிட்டால் கம்பெனிகள் தாமே வழிக்கு வரும்.

பட்டியலில் முதல் சொல்லாகத் தவணையை வைக்கலாம். "வரும் தவணை" என்றும் "கட்டும் தவணை" என்றும் இரண்டாகப் பிரித்து எழுதி, ஒட்டன்சத்திரத்து மண்டி வாசலில் மூட்டை இறக்குகிற பத்துப் பேரிடம் படித்துக் காட்டினால் போதும். சரியா தப்பா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.